கஸ்பாரின் கூடு

“தோளப் பிடிக்காதலே, நொறுங்கிரும், இடுப்பப் பிடி, இடுப்பப் பிடி” என்று பின்னால் வந்தவர்கள் கத்தக் கத்த, நான்கு பேரும் கஸ்பாரை மல்லாக்கத் தூக்கிக்கொண்டு ஐஸ் பாக்டரிச் சந்தைத் தாண்டி, வலை காயப்போட்டிருந்த மைதானத்தைச் சுற்றி, பிள்ளைகள் முன்னால் ஓட நாய்கள் பின்னால் ஓட வந்து வாசலில் நின்றபோது, செலஸ்தீனா உள்ளே மாமனாருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். பாத்திரத்தோடு வெளியே வந்து பார்த்தாள். நான்கு பேர் தூக்கும் கனம் அதில் இல்லை, ஒரு காலிச் சாக்கின் கனம்கூட இல்லை. ஆனாலும் அந்த ஊரில் யாருடைய கூட்டையும் நான்கு பேருக்குக் குறைந்து தூக்கிவந்ததில்லை.

“மைனி, அண்ணன் வந்துருக்கான்” என்றான் சவேரி. கஸ்பாரின் தம்பி. அழுகிறானா, மூச்சு வாங்குகிறானா என்று சொல்ல முடியாத முகம்.

“நிழல்ல வைங்க” என்றாள் செலஸ்தீனா. “வெயில் பட்டா வெடிச்சிரும்.”

கூடு வருவது ஊருக்குப் புதிதில்லை. முதலில் வந்தது மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் பிரிட்டோவின் கூடு. வாடைக்காற்று ஓய்ந்த ஒரு காலையில், ஆறு கடலில் சேரும் வாயில், ஏற்றத்தண்ணீர் அதை உருட்டிக்கொண்டுவந்து மணல்திட்டில் விட்டிருந்தது. நகத்தின் நிறம். நகத்தைப் போலவே வெளிச்சம் கொஞ்சம் உள்ளே புகும். காது மடிப்பும் உள்ளங்கை ரேகையும் தடுப்பூசித் தழும்பும் அப்படியே இருக்க, பிடரியிலிருந்து இடுப்புவரை முதுகு பிளந்து, உள்ளே ஒன்றுமில்லாமல் கிடந்தது. பார்த்தவர்கள் பிரிட்டோவின் அம்மாவிடம் போய்ச் சொன்னார்கள், அவள் மகனுக்குப் போன் போட்டாள்.

“ஒனக்கு ஒடம்புக்கு என்னமும் செய்யுதா?”

“போன வாரம் ரெண்டு நாள் லீவு போட்டுப் படுத்துருந்தேம்மா. இப்ப நல்லாருக்கேன். ஏன்?”

“ஒண்ணுமில்ல. ஒன் கூடு வந்துருக்கு.”

“எது வந்துருக்கு?”

“நீ சாப்பிட்டியா?” என்று கேட்டு அவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

அதன்பிறகு சிங்கப்பூரில் இருப்பவர்களின் கூடு, திருப்பூரில் இருப்பவர்களின் கூடு, சென்னையில் நர்ஸாக இருப்பவளின் கூடு என்று ஊரைவிட்டுப் போனவர்களின் கூடெல்லாம் பருவம் பருவமாக வந்து மணல்திட்டில் ஒதுங்கின. கடலே இல்லாத ஊர்களிலிருந்து அவை எந்த வழியாகத் தண்ணீருக்கு வந்து சேர்ந்தன என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்பதைவிட அதிக வேலை வீட்டில் இருந்தது. ஒரு காலேஜிலிருந்து மூன்று பேர் வந்து ஒரு கட்டைவிரலைக் குப்பியில் போட்டு எடுத்துப்போனார்கள், திரும்பி வரவில்லை. பங்குச் சாமி, கூட்டுக்கு ஞானஸ்நானமும் கிடையாது அடக்கமும் கிடையாது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கடைசி பெஞ்சில் உட்கார்த்திவைக்கத் தடையில்லை என்று சொன்னார். அருளானந்தம் டெய்லர் கிறிஸ்துமஸ் உடுப்புக்குக் கூட்டிலேயே அளவெடுத்து, கழற்றியவன் அதைவிடக் கொஞ்சம் வளர்ந்திருப்பான் என்று கணக்குவைத்து இரண்டு இஞ்ச் கூட்டித் தைத்து அனுப்பினார், ஒருவருக்கும் அளவு தப்பவில்லை. மகளின் கூடு சென்ற வருஷத்தைவிட மெலிந்து வந்ததென்று ஒருத்தி திருப்பூர் மருமகனைப் போனில் கிழித்தாள். பெண் கொடுக்க வந்தவர்கள் போட்டோவை ஒதுக்கிவிட்டு, “கூடு இருக்கா, பாப்போம்” என்றார்கள். மழைக்காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மூலையில், போனவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, லேசாகக் கலகலத்தபடி இருந்தார்கள்.

செலஸ்தீனா வீட்டு மூலை மட்டும் காலியாக இருந்தது. கஸ்பார் மாலத்தீவுக்குக் காய்கறி ஏற்றிப்போன தோணியில் போனவன். தோணி வழியில் கவிழ்ந்தது. இரண்டு பேருடைய உடல் கொச்சிப் பக்கம் ஒதுங்கியது, கஸ்பாரைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியவில்லை. கடலில் போய்த் திரும்பாதவனுக்கு, அவனுடையது என்று ஏதாவது ஒன்று கரைக்கு வரும்வரை ஊரில் துக்கமணி அடிப்பதில்லை. துண்டோ தூக்குவாளியோ வந்துசேர்ந்தால், அதைப் பெட்டியில் வைத்து மணியடித்து அடக்கம் செய்வார்கள். அன்றிலிருந்து அவன் மனைவி கடல் கொண்டவன் பெண்டாட்டி. அவள் கை படாமல் புது வலை தண்ணீருக்குள் இறங்காது, கடல் மந்திரிப்புத் திருநாளில் அவள் பூப் போட்ட பிறகுதான் போட்டுகள் கிளம்பும். மணி அடிக்காதவரை அவள் காத்திருப்பவள். காத்திருப்பவளை நல்லது கெட்டது இரண்டுக்கும் கூப்பிட மாட்டார்கள். ஆறேழு வருஷமாகச் செலஸ்தீனா காத்திருந்தாள்.

இப்போது கூடு வந்திருந்தது, ஆனால் முழுசாக வரவில்லை. மணல்திட்டில் எத்தனை நாள் புரண்டதோ, நெற்றியிலிருந்து மேலுதடுவரை முகம் தேய்ந்து போயிருந்தது. முதுகுப் பக்கம் பிடரிக்குக் கீழே பெரிய ஓட்டை. வலது முழங்காலில் இருந்த தழும்பைப் பார்த்து இரண்டு பேரும், கப்பிக்கயிற்றில் மாட்டி அறுந்துபோன இடது சுண்டுவிரலின் குட்டையைப் பார்த்து மற்ற எல்லோரும் கஸ்பார் என்று சொல்லியிருந்தார்கள்.

“முதுகு பிளந்துருந்தா கழத்துன கூடு. பிளக்கலன்னா?” என்று உபதேசியார் கேட்டார். சாமி ஊரில் இல்லாத நாளில் மணிக்கயிறு அவர் பொறுப்பு.

“பிளக்க முதுகே இல்லியே ஓய்” என்றான் ஒருவன்.

“இத்தன வருசமா எம்புட்டுக் கூடு வந்துச்சு” என்றான் சவேரி. “அண்ணன் இருந்தா அவன் கூடு வந்துருக்காதா? இது கழத்துனது இல்ல. கெளுத்தி தின்ன மிச்சம்.”

“ஏல, கெளுத்தி திங்கிறது சதையவா தோலயா? வாயக் கழுவுல” என்றாள் பக்கத்து வீட்டு ரீத்தம்மா.

“மணிய அடிச்சிருவோம் மைனி” என்றான் சவேரி, ரீத்தம்மாவைப் பார்க்காமல். “அப்பா அதக் கேக்கத்தான் உசுரப் பிடிச்சிட்டுக் கெடக்காவ.”

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. கண் தெரியாத தொம்மை மாமா காதை வாசல் பக்கம் திருப்பிக் கேட்டார். “என்னல சத்தம்? ஆரு வந்துருக்கா?”



“அவியட கூடு வந்துருக்கு மாமா” என்றாள் செலஸ்தீனா.

“செத்ததா, கழத்துனதா?”

கரையில் கிடக்கும் நண்டைப் பார்த்து அந்த ஊரில் பேச்சு வந்த பிள்ளை முதலில் கேட்கும் கேள்வி அது. வாசலில் நின்ற கூட்டத்தில் ஒருவருக்கும் அதை அத்தனை நேராகக் கேட்கத் துணிவு வந்திருக்கவில்லை.

“நீங்களே தொட்டுப் பாருங்கப்பா” என்றான் சவேரி.

“நா தொடமாட்டேன். பெத்தவன் கை பொய் சொல்லும். அவ பாத்துச் சொல்லட்டும். அவன் பிடிச்சதெல்லாம் அவகிட்டதான காட்டுனான்.”

கூட்டத்தில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். செலஸ்தீனாவுக்கு அது கேட்டது. எதற்குச் சிரிப்பு என்றும் தெரியும்.

கோவில்பட்டிக்கு வடக்கே, மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கவேண்டிய கரிசல்காட்டு ஊரிலிருந்து, கருவாட்டு லாரியில் வந்துபோய்க்கொண்டிருந்த கஸ்பாரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்த முதல் மாதத்தில், அவள் தனியாகக் கரைக்குப் போய், ஆள் யாரும் எடுக்காமல் கிடந்த நண்டுகளைக் கூடை நிறையப் பொறுக்கிவந்து, தேங்காய் அரைத்து, புளி கரைத்து, வீடு மணக்கக் குழம்பு வைத்தாள். கஸ்பார் ஒரு நண்டை எடுத்து உடைத்தான், அடுத்ததை உடைத்தான், பிறகு சட்டிக்குள் கையைவிட்டு ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டே போனான். ஒன்றிலும் ஒன்றுமில்லை. கூடை நிறைய நண்டுகள் கழற்றிப்போட்ட கூடுகளை அவள் வேகவைத்திருந்தாள். அவன் சிரித்த சிரிப்பில் ரீத்தம்மா சுவரைத் தாண்டி வந்தாள், ரீத்தம்மா சொல்லி ஊர் வந்தது. பல நாள் அவள் குடிதண்ணீர்க் குழாய்க்குப் போனால், “என்ன மைனி, இன்னைக்குக் குழம்புல ஆள் இருக்கா?” என்று பையன்கள் கேட்டார்கள்.

அன்று மாலையே பாடம் தொடங்கியது. அவன் கரையிலிருந்து வரும்போது வாளியில் ஒன்றிரண்டைக் கொண்டுவருவான். அது என்ன நண்டு என்று அவள் சரியாகச் சொன்னால் அன்றைய சமையல் அவன் வேலை, தப்பாகச் சொன்னால் அவள் வேலை. முதுகில் மூன்று கண் இருந்தால் முக்கண் நண்டு, அது குழந்தைக்கும் தெரியும், அதற்குச் சமைக்க முடியாது என்பான். முதுகில் சிலுவை இருந்தால் சிலுவை நண்டு, அதையும் ஒத்துக்கொள்ள மாட்டான். நீலமாக இருப்பதும் சாம்பலாக இருப்பதும் வேறு வேறு சாதி என்று அவள் அடித்துச் சொன்ன நாளில் இரண்டையும் மல்லாக்கப் போட்டுக் காட்டினான்: வயிற்று மடிப்பு கோபுரம்போலக் கூம்பியிருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். நீலம் புருஷன், சாம்பல் பெண்டாட்டி, ஒரே ஓலைக்கால் நண்டு. கடைசிக் கால் துடுப்புப்போலத் தட்டையாக இருந்தால் நீந்துவது, கூர்மையாக இருந்தால் நடப்பது. உப்பங்கழியின் சேற்றில் கிடக்கும் பச்சை நண்டுக்கு முன்கை தடித்திருக்கும், அதைக் கட்டாமல் கையில் எடுத்தால் விரல் உன்னுடையதில்லை. இறாலுக்கு நெற்றியில் இருக்கும் ரம்பத்தின் பல்லைத் தடவிப் பார். ஒரு கை மட்டும் பெரிதாக வளர்ந்து, இறக்கத்தண்ணீரில் சேற்றுமேல் நின்று அதை ஆட்டிக்கொண்டேயிருக்கும் குட்டி நண்டுக்கு ஊரில் வேறு பேர் இருந்தது, ஆனால் கஸ்பார் அதைக் கூப்பிடு நண்டு என்றான். யாரைக் கூப்பிடுகிறது என்று அவள் கேட்டாள். “பொண்டாட்டியத்தான். வேற ஆரு வருவா இந்தச் சேத்துக்குள்ள?” என்றான். மழை பிடித்து போட்டுகள் கரையில் கிடந்த அந்தக் கார்த்திகை முழுவதும் அவர்கள் கழியோரத்தில் குடையோடு உட்கார்ந்து, ஆயிரம் சிறிய கைகள் ஒரே நேரத்தில் எழுந்து தாழ்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்தால் அவன் சமைப்பான். தை பிறந்தபோது அவள் தப்பே விடாதவளாகியிருந்தாள், அவன் ஒரு நாளாவது வேண்டுமென்றே தப்பாகச் சொல்லச் சொல்லி அவளிடம் கெஞ்சினான்.

செத்ததா கழற்றியதா என்பதைத்தான் அவன் கடைசியாகச் சொல்லிக்கொடுத்தான். ரொம்பச் சுலபம் என்பதால் இல்லை. அதைக் கேட்டால் அவளுக்குக் குழம்பு ஞாபகம் வந்து முகம் சுண்டிவிடும் என்பதால்.

செலஸ்தீனா கஞ்சிப் பாத்திரத்தைப் படியில் வைத்துவிட்டுக் கூட்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ரீத்தம்மாவும் கூட உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். “ஏட்டி, எது தெரிஞ்சாலும் செத்ததுன்னே சொல்லிரு. மணி அடிச்சிட்டான்னா ஒன் கைய எல்லாவனும் தேடி வருவான். கழத்துனதுன்னு வையி, ஆளு எங்கயோ நல்லா இருந்துக்கிட்டு ஒரு வார்த்த சொல்லலன்னு ஆகும். போட்டுட்டுப் போனவன் பொண்டாட்டின்னு ஒனக்குப் பேரு. இந்த வாயிங்களப் பத்தித் தெரியாதா ஒனக்கு?”

“தெரியும்க்கா.”

அவள் முதலில் முகர்ந்து பார்த்தாள். செத்தது என்றால் எத்தனை நாளானாலும் மூட்டுக்குள் கொஞ்சம் நாற்றம் நிற்கும். இதில் உப்பு மட்டும் இருந்தது. ஆனால் மணலில் அத்தனை நாள் புரண்டால் எதுவும் உப்பாகிவிடும் என்று அவளே தனக்குப் பதில் சொல்லிக்கொண்டாள். கண்ணைப் பார்க்கச் சொல்லுவான் அவன். செத்ததற்குக் கண் கறுப்பாக நிற்கும், கழற்றியதற்குக் கண்ணாடிபோல இருக்கும். கண் இருந்த இடம் இல்லை. முதுகின் ஓட்டைக்குள் கையைவிட்டு ஓரத்தைத் தடவினாள், எல்லாப் பக்கமும் தேய்ந்து மொழுக்கென்றிருந்தது. தோளில் அவளுக்குப் பழகிய சரிவு. வயிறு அவளுக்குத் தெரிந்ததைவிடக் கொஞ்சம் முன்னால் தள்ளியிருந்தது. அதைப் பார்த்து அவளுக்குச் சட்டென்று கோபம் வந்தது, இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை என்று அதை அடக்கிக்கொண்டாள்.

பிறகு இடது கையை எடுத்து மடியில் வைத்தாள். எல்லோரும் கஸ்பார் என்று கண்டுபிடித்த குட்டை விரல். கப்பி அறுத்த நாளில் ஆஸ்பத்திரியில் தைத்துவிட்ட விரல் அது, அவள்தான் கட்டு மாற்றியவள். அதன் நுனி சுருக்குப்பை வாயைப்போல இழுத்து முடிந்திருக்கும். வெளிச்சத்துக்கு நேராக அதைத் தூக்கிப் பிடித்தாள்.

நுனியில் ஒரு நகம் இருந்தது.

பிறந்த பிள்ளையின் நகத்தைவிடச் சிறியது, அரிசிக் குருணையைப்போல. அதன் கீழே, இல்லாமல் போயிருந்த கணுவின் இடத்தில், மெல்லிய ஒரு மடிப்பு. கை உடைந்த நண்டைப் பார்த்து அவள் ஐயோ பாவம் என்ற நாளில் கஸ்பார் சொன்னான்: “என்ன பாவம்? ஒரு தடவ கூடு கழத்துனா மொட்டு விடும், அடுத்த தடவ கை மொளைக்கும். செத்தாத்தான் மொளைக்காது.”

அவள் விரலை இறக்கினாள். காலைப் பார்க்கவேண்டிய தேவையே இல்லை, ஆனாலும் பார்த்தாள். தோணியிலும் போட்டிலும் நின்றவர்களின் பாதம் வழவழவென்று, ஊறிய சோப்பைப்போல இருக்கும். இந்தக் குதிகாலில் வெடிப்பு விட்டிருந்தது. ஆழமான வெடிப்பு. உள்ளே நூல் நூலாகக் கறுப்பு, கடலால் கழுவ முடியாத கறுப்பு. அவளுடைய அப்பாவின் குதிகால் அப்படித்தான் இருக்கும். பருத்திக் காட்டிலிருந்து வந்து கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாலும் அந்தக் கோடு மட்டும் போகாது. எந்தத் தேசத்துக் கரிசலோ. செருப்பில்லாமல், மழைக்கு முன்னும் பின்னும், உழுத மண்ணில் வருஷக்கணக்காக நடந்திருக்கிறான். அவள் குதிகாலை மூடினாற்போல உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

“என்ன மைனி?” என்றான் சவேரி.

ரீத்தம்மா அவள் முழங்கையை அழுத்தினாள்.

ஐஸ் பாக்டரியில் கட்டி உடைக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. மணி அடித்தால் இன்றைக்கே பெட்டி வரும், நாளைக்கு அவள் கருப்பு உடுத்துவாள், வரும் திருநாளில் எல்லாப் போட்டுகளும் அவள் பூவுக்காகக் காத்துநிற்கும். உள்ளே படுத்திருப்பவர் நிம்மதியாகப் போய்ச் சேருவார். எல்லாம் ஒரு வார்த்தை தூரம். செலஸ்தீனா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

“கழத்துனது” என்றாள்.

“நல்லாப் பாத்தியாம்மா?” என்றார் உபதேசியார்.

“வெரல் மொளைச்சிருக்கு. நீங்களே பாருங்க. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ கழத்திருக்காவ.”

உபதேசியார் மூக்குக்கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு குனிந்தார். சவேரி குனிந்தான். பின்னால் நின்றவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் தாடையை வைத்து எட்டிப்பார்த்தார்கள். நகம் இருந்தது. பார்த்துவிட்டு நிமிர்ந்தவர்கள் ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதுதான் ரீத்தம்மா சொன்னதன் தொடக்கம் என்று செலஸ்தீனாவுக்குப் புரிந்தது.

“அப்ப எங்கல இருக்கான்?” சவேரியின் குரல் உடைந்து, பிறகு கோபமாயிற்று. “இம்புட்டு வருசம்? ஒரு போனு? ஒரு காயிதம்? மைனி, ஒங்களுக்கு இது எப்படி—”

“எனக்கென்ன தெரியும்? அவிய வந்தா கேளு.”

“வருவானா?”

“நண்டு பழைய கூட்டுக்குள்ள திரும்ப வருமா?” என்றாள். சொன்னபிறகுதான் தான் கத்தியது தெரிந்தது.

உள்ளேயிருந்து தொம்மை மாமா கூப்பிட்டார். அவள் போய்க் கட்டிலின் பக்கத்தில் நின்றாள். அவர் காற்றில் கையைத் துழாவி அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“இருக்கான்னு சொன்ன. எனக்காகச் சொன்னியா?”

“இல்ல மாமா. இருக்காவ. தொப்ப போட்டுருக்கு.”

கிழவர் வாயைத் திறந்தார். அழப்போகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் சிரித்தார். பல்லில்லாத வாயால், நெஞ்சு குலுங்கி, இருமல் வந்து, மறுபடியும் சிரித்தார். “தொப்பயா? அந்தச் சவத்துக்கா?” என்றார். “எனக்கு மணி வேண்டாம். நண்டு வாங்கிட்டு வா. குழம்பு வையி. ஆள் இருக்கிற குழம்பு.”

வெளியே கூட்டம் கரையத் தொடங்கியிருந்தது. உபதேசியார் கோவில் பக்கம் நடந்தார். சவேரி கூட்டின் காலடியில் குனிந்து அண்ணனின் முழங்கால் தழும்பைத் தொட்டான், செருப்பைக்கூட மாட்டாமல் வெயிலில் இறங்கிப் போனான். ரீத்தம்மா தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள், பிறகு திறந்து, “தேங்கா இல்லன்னா வந்து எடுத்துட்டுப் போ” என்று சொல்லிவிட்டு மறுபடி சாத்தினாள்.

அருளானந்தம் டெய்லர் மட்டும் போகவில்லை. கழுத்தில் தொங்கிய இஞ்ச்டேப்பின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு, எப்படிக் கேட்பது என்று யோசித்தவராக நின்றார்.

“அளவு எடுத்து வச்சிக்கிறட்டுமா செலஸ்தீனா? கிறிஸ்மஸ் வருதுல்ல. என்னைக்காவது அட்ரஸ் கிடைச்சா...”

“வேண்டாம்ண்ணே. அவியளுக்கு அளவு மாறிருக்கும்.”

“ரெண்டு இஞ்ச் கூட்டித்தான வைப்பேன்.”

“அவியளுக்குப் பத்தாதுண்ணே” என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். செலஸ்தீனா கூட்டை இடுப்போடு அணைத்துத் தனியாகவே தூக்கி உள்ளே கொண்டுபோய்க் காலியான மூலையில் சாய்த்து வைத்தாள். பிறகு கரைக்குப் போனாள். ஏலம் முடிந்து மிஞ்சியிருந்த கூடைகளின் முன்னால் பெண்கள் தழைந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் வந்ததும் பேச்சு கருவாட்டு விலைக்குத் திரும்பியது. அவள் குத்தவைத்து உட்கார்ந்து நண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மல்லாக்கப் போட்டாள், மடிப்பைப் பார்த்தாள், ஓட்டை அழுத்திக் கனம் பார்த்தாள், லேசானதை ஒதுக்கினாள். கூடைக்காரி வழக்கம்போலச் செத்தது ஒன்றை நடுவில் தள்ளிப் பார்த்தாள். செலஸ்தீனா அதை எடுத்துத் திரும்ப அவள் கூடையில் போட்டாள்.

வீட்டுக்கு வந்து, வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்து, பின்வாசலில் உட்கார்ந்தாள். உள்ளே தொம்மை மாமா யாருக்கோ சொல்வதுபோலத் தொப்பை, தொப்பை என்று சொல்லிக்கொண்டு கிடந்தார். ஏற்றத்தண்ணீர் கழிக்குள் நுழையும் நேரம், காற்றில் சேற்று வாடை. அவள் முதல் நண்டைக் கழுவி, ஓட்டைப் பிரித்து, சாம்பல் நிறச் செவுள்களைக் கிள்ளி எறிந்தாள். இரண்டாவதைக் கழுவினாள். நேற்றுவரை அளவாக இருந்து, காலையிலிருந்தே பிடரிக்குக் கீழே முதுகில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த ரவிக்கையின் மேல் கொக்கியை ஈரக் கையாலேயே அவிழ்த்துவிட்டுவிட்டு, அடுத்த நண்டை எடுத்து மல்லாக்கப் போட்டாள்.